படம் பேட்டரி... சேதி வேற!

வண்டிக்கு வருகிற வியாதிகளை இரண்டே இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்று, சத்தம் போட்டுக்கொண்டு வருவது. டயர் வெடிக்கும், சைலன்ஸர் பொத்துக்கொள்ளும், ரேடியேட்டர் இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி விடும். முன்பின் தெரியாதவர்கூட வண்டியை ஓரங்கட்டி, "என்ன சார், மக்கர் பண்ணுதா?" என்று குசலம் விசாரித்துவிட்டுப் போவார். இன்னொன்று, சத்தமே போடாமல் வருவது. அதுதான் கரண்ட் வியாதி. சாவியைத் திருப்புவீர்கள்... 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்புவீர்கள்... அந்த 'டிக்'கும் போயிருக்கும். பானெட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். பார்க்கிறவருக்குத்தான் ஒன்றும் விளங்காது.

மதுரைக்காரர்கள் இதற்கு ஒரே வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: "செல்ஃப் எடுக்கலண்ணே!"

இந்த 'செல்ஃப்' வருவதற்கு முன்னால் காருக்கு முன்பக்கம் ஒரு இரும்புக் கைப்பிடியைச் சொருகிச் சுற்ற வேண்டும். சில சமயம் இன்ஜின் கோபித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உதைக்கும். சுற்றியவரின் மணிக்கட்டு போய்விடும். அதனால்தான் அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் கைப்பிடியைக் கட்டைவிரலால் வளைத்துப் பிடிக்கக் கூடாது, ஐந்து விரலையும் ஒரே பக்கமாக வைக்க வேண்டும் என்று கிளீனர் பையன்களுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தந்தார்கள். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்றொரு ஆசாமி. கடைக் கல்லாப்பெட்டியை மின்சாரத்தில் திறக்க வைத்தவர். கல்லாவைத் திறக்க மோட்டார் நாள் பூராவும் ஓட வேண்டியதில்லை, ஒரு விநாடி பலமாக உந்தினால் போதும் அல்லவா? அதே யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912 மாடல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. மணிக்கட்டுகள் பிழைத்தன. ஆனால் அன்றைக்குப் பிடித்தது சனி; கார் என்பது பெட்ரோலில் ஓடுகிற வண்டி என்கிற நிலைமை போய், கரண்ட் இருந்தால்தான் பெட்ரோலே எரியும் என்றாகிவிட்டது.

போன வைகாசியில் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் காதுகுத்து. கிடாய் விருந்து, மொய், மைக் செட் எல்லாம் முடிந்து கிளம்பும்போது ராத்திரி ஒன்பதரை. கார் என் மச்சினனுடையது, ஓட்டியதும் அவனே. எந்தக் கம்பெனிக் கார் என்று கேட்காதீர்கள். எல்லாக் காரிலும் இதே விளக்குதான், இதே படம்தான். முன்னால் அவனும் நானும். பின்னால் என் மனைவி, பக்கத்தில் அத்தை. என் மாமியாருக்கு வயசு 78, இரண்டு முட்டியிலும் வலி, மடியில் எவர்சில்வர் தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பு.

மேலூரைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறியதுமே டாஷ்போர்டில் சிவப்பாக ஒன்று முளைத்தது. ஒரு சின்னப் பெட்டி, அதன் தலையில் இரண்டு கொம்பு, உள்ளே ஒரு பிளஸ், ஒரு மைனஸ்.

"மாப்ளே, என்னமோ எரியுதே?"

"பேட்டரி லைட்டு மச்சான். பேட்டரி போன மாசந்தான் புதுசு போட்டேன். வாரண்டி கார்டுகூட உள்ளதான் இருக்கு. அது சும்மா எரியுது."

"சும்மா எதுக்குடா எரியணும்? ஓரமா நிறுத்திப் பாரு."

"வீட்டுல போய்ப் பாத்துக்கலாம் மச்சான். அரை மணி நேரம்."

ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லாவிட்டாலும் மாமியார் வீட்டுச் சட்டத்தில் இது உண்டு. ஏசியையாவது அணைக்கச் சொன்னேன். "அம்மாவுக்கு வேர்க்கும்" என்றான். பின்னால் அவன் அம்மா போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த விளக்கைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் மச்சினன் மட்டுமல்ல, கார் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் இதைத் தப்பாகத்தான் படிக்கிறார்கள். படத்தில் இருப்பது பேட்டரி. ஆனால் அது சொல்கிற சேதி பேட்டரியைப் பற்றியது அல்ல. வண்டி ஓடும்போது மின்சாரம் உற்பத்தி செய்வது ஆல்டர்னேட்டர் என்கிற உருண்டை. இன்ஜின் சுற்றுவதை பெல்ட் வழியாக வாங்கி, தானும் சுற்றி, ஓடுகிற வண்டிக்கு வேண்டியதைக் கொடுத்து, மிச்சத்தை பேட்டரியில் சேர்த்து வைக்கும். வீட்டுக் கணக்கில் சொன்னால் ஆல்டர்னேட்டர் மாசச் சம்பளம், பேட்டரி அரிசிப் பானை. ஓடுகிற வண்டியில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், "சம்பளம் நின்னுபோச்சு, பானையில் இருக்கிறதை வைத்துப் பொங்கிக்கொண்டிருக்கிறேன்" என்று அர்த்தம். பானை புதுசா பழசா என்பது அப்புறம்.

பானையில் எவ்வளவு இருக்கும்? சின்னக் காரின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர் மணி. மனக்கணக்குப் போடுங்கள். முன் விளக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், இன்ஜினின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 10. ஏசி காற்றாடியும் ரேடியேட்டர் காற்றாடியும் ஓடினால் இன்னும் ஒரு 20. காகிதத்தில் பார்த்தாலே ஒரு மணி நேரம் தாங்காது. நிஜத்தில் பானை வழித்தெடுக்கும்வரை வண்டி ஓடாது. வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினதுமே கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். இதே வண்டியில் ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்திருந்தால் ஒத்தக்கடை வெளிச்சமாவது கண்ணில் பட்டிருக்கும்.

முதலில் பாட்டு நின்றது. "பென்டிரைவ் சரியில்லை" என்றான் மச்சினன். பிறகு ஏசி பெருமூச்சு விட்டது. ஹெட்லைட் வெள்ளையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து காற்று இறங்கிய பெட்ரோமாக்ஸ் நிறம். அப்புறம் டாஷ்போர்டில் இருக்கிற அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. கார்த்திகை தீபம் தோற்றது! ஸ்டியரிங் அம்மிக்கல் மாதிரி இறுகியது. இன்ஜின் இரண்டு தரம் இருமியது. நரசிங்கம்பட்டிப் பக்கம், நட்ட நடு ரோட்டில், நிசப்தம்.

"இடது பக்கம் ஒதுக்கு! பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதே, ஒரே மிதியா மிதி!" என்று கத்தினேன். இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக்குக்குக் கிடைக்கிற உதவியும் இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் மிதிப்பது செங்கல் சுவரை மிதிப்பது மாதிரிதான். எப்படியோ மல்லுக்கட்டி வண்டியை ஓரத்தில் நிறுத்தினான். ஓரம் என்றால் முழு ஓரம் இல்லை; பாதி வண்டி இன்னும் ரோட்டில்தான் இருந்தது. நாலு பக்கமும் மின்னுகிற அபாய விளக்கைப் போட்டோம். நாலைந்து தரம் கண் சிமிட்டிவிட்டு அதுவும் மூடிக்கொண்டது. அதற்கும் அதே பானைதானே!

ஒரு பக்கம் பெருமாள் மலை கறுப்பாகப் படுத்திருந்தது. இன்னொரு பக்கம் தண்ணீர் காணாத வயல். பின்னால் ரோட்டில் தூரத்து வெளிச்சங்கள்.

மச்சினன் பானெட்டைத் திறக்கப் போனான். இந்த இடத்தில் எல்லோருமே செய்கிற காரியம் அதுதான்: என்ன கோளாறு என்று பார்ப்பது. கோளாறு எங்கேயும் ஓடிப் போகாது. அந்த நிமிஷத்தில் பார்க்க வேண்டியது, நம்மை யார் பார்க்கிறார்கள் என்பதை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடும். டிம் லைட்டில் டிரைவருக்குத் தெளிவாகத் தெரிவது ஐம்பது, அறுபது மீட்டர். ஆக, நம்மைப் பார்த்து, கார்தான் என்று புரிந்து, நிற்கிறது என்றும் புரிந்து, ஒடிப்பதற்கு அவருக்கு மூன்று விநாடிகூட முழுசாக இல்லை. விளக்கு இல்லாத கார் ராத்திரியில் கார் அல்ல, ரோட்டில் கிடக்கிற பாறை.

"அத்தை, கீழ இறங்குங்க."

"நான் எதுக்கு மாப்ள எறங்கணும்? தள்றதுக்கா? இந்த முட்டிய வச்சிக்கிட்டா?"

"தள்ள வேணாம் அத்தை. உள்ள உக்கார வேணாம்."

"உள்ளதான் பத்தரமா இருக்கு. வெளியில பூச்சி பொட்டு கெடக்கும். கொழம்பு வேற சிந்திரும்."

"சிந்தட்டும்!" என்றேன். 26 வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இடதுபக்கக் கதவைத் திறந்து அம்மாவைத் தாங்கிப் பிடித்தாள். ஆளுக்கொரு கையாகப் பிடித்து, ரோட்டுச் சரிவில் இறக்கி, வயல் வரப்பில் கொண்டுபோய் நிறுத்தினோம். அந்தக் காலமாக இருந்தால் ஒரு புளியமரத்தடியாவது இருந்திருக்கும். நாலுவழிச் சாலை போட்டபோது அதெல்லாம் போயாயிற்று.

வண்டி வாங்கும்போதே ஒரு சிவப்பு முக்கோணம் கொடுக்கிறார்கள். பல பேர் அதைப் பார்த்ததுகூட இல்லை. எங்கள் முக்கோணம் டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே, பாலிதீன் உறை பிரிக்காமல் கன்னி கழியாமல் இருந்தது. எடுத்துக்கொண்டு, போன் டார்ச்சை வருகிற வண்டிகளைப் பார்த்து ஆட்டியபடி, ரோட்டுக்கு வெளியே மண்ணிலேயே நடந்து நூறு மீட்டர் போல பின்னால் போய் வைத்துவிட்டு வந்தேன். காருக்குப் பின்னாலேயே ஒட்டி வைக்கிறவர்கள் உண்டு. அது லாரிக்காரருக்கு எச்சரிக்கை இல்லை, இலக்கு. லாரிக்காரர்கள் இதற்கு முக்கோணம் தேடுவதில்லை. மரக்கிளையை ஒடித்துப் போடுவார்கள், கல்லை வரிசையாக வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ரிப்பேர் முடிந்ததும் வண்டி போய்விடும், கல் போகாது. விடியற்காலையில் பால் கேனோடு வருகிற மொபெட்காரர் தலையில் அது விடியும். அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட ஆகிற நேரம் அரை நிமிஷம். அதைச் செய்யாமல் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

நான் வரப்புக்கு வந்து ஐந்து நிமிஷம் இருக்கும். ஒரு லாரி வந்தது. முக்கோணத்தைப் பார்த்தாரோ, என்னவோ, கடைசி நேரத்தில் நீளமாக ஒரு ஹாரன். வலது பக்கம் ஒடித்து, காரை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. அது கிளப்பிய காற்றில் கார் ஆடியது. முக்கோணம் குப்புற விழுந்தது. மச்சினன் ஓடிப்போய் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தான். வாரண்டியைப் பற்றி அப்புறம் அவன் பேசவில்லை.

அத்தையும் ஒன்றும் பேசவில்லை. அதுவரை கையிலேயே பிடித்துக்கொண்டிருந்த தூக்குவாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் கூப்பிட வேண்டிய எண் 1033. காசு கிடையாது. என் மனைவி அதற்குள் கூப்பிட்டுவிட்டாள். ரோந்து வண்டி வந்து, ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்து, தலையில் சுழலும் விளக்கோடு எங்களுக்குப் பின்னால் நின்றது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது. அவர்களே ஒத்தக்கடையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் நம்பரும் கொடுத்தார்கள்.

வந்தவருக்கு ஐம்பது வயசு இருக்கும். டிவிஎஸ் மொபெட்டின் முன்பக்கம் ஒரு பேட்டரி, சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டி. வந்ததும் மீட்டரை வைத்துப் பார்த்தார். 10.4 வோல்ட்.

"பேட்டரி மேல தப்பில்லண்ணே. பாவம், கடைசி சொட்டு வரைக்கும் குடுத்திருக்கு."

"அதான் நான் அப்பவே சொன்னேன், பேட்டரி புதுசுன்னு" என்றான் மச்சினன், வெற்றி பெற்றவனைப் போல.

நல்ல பேட்டரி என்றால் சும்மா நிற்கும்போது 12.6 காட்டும், இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏற வேண்டும், ஏறினால் சம்பளம் வருகிறது என்று அர்த்தம். அவர் முதலில் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பெல்ட் அறுந்திருந்தால் கதை வேறு. நிறைய வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. சிவப்பு விளக்கோடு வெப்ப முள்ளும் சேர்ந்து ஏறினால் அடுத்த ஊர் வரை என்ன, அடுத்த மைல்கல் வரைகூட ஓட்டக் கூடாது, இன்ஜினே வெந்துவிடும். எங்களுக்கு பெல்ட் நன்றாகவே இருந்தது. தன் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்தார். மீட்டர் 12.1 காட்டி, ஏறாமல் இறங்க ஆரம்பித்தது.

"ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பார்த்தா டைனமோ வேலை செய்யுதான்னு தெரிஞ்சுருமாம்ல?" இது மச்சினன்.

"அதெல்லாம் அம்பாசடர் காலத்து வித்தை தம்பி. இப்பக் கழட்டுனா வோல்ட்டு எகிறி கம்ப்யூட்டர் போயிரும். அது வெல என்னான்னு தெரியுமா?"

சொல்லிவிட்டு, ஸ்பேனரின் பின்பக்கத்தால் ஆல்டர்னேட்டரின் முதுகில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். குழந்தைக்கு ஏப்பம் வர வைக்கிற தட்டு. மீட்டர் விருட்டென்று 13.9-க்கு ஏறியது.

"கார்பன் தேஞ்சுபோச்சுண்ணே. தட்டுனா ஒட்டுது, குலுங்குனா விட்டுருது. ஒத்தக்கடை வரைக்கும் பையப் போயிருவோம். ஏசி வேணாம், பாட்டு வேணாம். நான் பின்னாலயே வாரேன்."

ஒத்தக்கடை வரைக்கும் மச்சினன் வாயைத் திறக்கவில்லை. ஏசி, பாட்டு, மச்சினன் மூன்றும் இல்லாமல் நான் செய்த முதல் பயணம் அது. கண்ணாடியை இறக்கிவிட்டு, யானைமலை இருட்டில் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தோம். அத்தைகூட, "காத்து நல்லாத்தான் இருக்கு" என்றார்.

காரைக் கடையில் விட்டுவிட்டு ஆட்டோவில் வீடு சேர்ந்தோம். மறுநாள் காலையில் போனால், கடை போர்டில் 'கார், லாரி, டிராக்டர் டைனமோ, செல்ஃப் ரிப்பேர் செய்யப்படும்' என்று எழுதியிருந்தது. இப்போது வருகிற வண்டி எதிலும் டைனமோ கிடையாது. போன தலைமுறையோடு போய்விட்டது. ஆனால் போர்டிலிருந்து அதை இறக்க யாருக்கும் மனசில்லை. டைனமோவுக்கு ஒரு குணம் உண்டு: வண்டி நின்றபடி உறுமினால் அது சம்பளம் கொடுக்காது. பழைய அம்பாசடர்கள் ரயில்வே கேட்டில் நிற்கும்போது லைட் மங்கும், டிரைவர் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் பளிச்சென்று எரியும். பார்த்திருப்பீர்கள். டிரைவருக்குப் பொறுமை இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மோட்டாரும் மதுரையும் பழைய சொந்தம். டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டு, மதுரையைத் தலைமையிடமாக வைத்துத் தொழிலை வளர்த்தவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அவருடைய கம்பெனி கரியை எரித்து அந்த வாயுவில் வண்டியை ஓட்டுகிற கருவி செய்தது. பின்னால் 1961-ல் சென்னை பாடியில் இங்கிலாந்து லூகாஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து லூகாஸ் டிவிஎஸ் வந்தது. ஸ்டார்ட்டர், டைனமோ, ஆல்டர்னேட்டர் எல்லாம் உள்ளூரிலேயே தயாராக ஆரம்பித்தன. அந்த இங்கிலாந்து லூகாஸுக்கு அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக வைத்திருந்த பட்டம் 'இருட்டின் இளவரசன்'. கரண்ட் கோளாறைக் கிண்டல் பண்ணாமல் வெள்ளைக்காரனாலும் இருக்க முடியவில்லை பாருங்கள்.

மச்சினன் வழக்கமாக வண்டி விடுகிற பெரிய ஒர்க்‌ஷாப்பில் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: முழு ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டும். ஒத்தக்கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல், ஆல்டர்னேட்டரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து இரண்டு துண்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். சுற்றுகிற வளையத்தின் மேல் உரசி உரசிக் கரண்டைக் கொண்டுபோகிற கார்பன். புதுசு சுண்டுவிரல் நகம் நீளம் இருக்கும். இது தேய்ந்து அரிசி அளவுக்கு வந்திருந்தது. சிலேட்டுக் குச்சி மாதிரிதான். எழுத எழுதக் கரைகிற பொருள். வளையத்தைப் பளபளவென்று தேய்த்து, புதுக் கார்பன் போட்டு, மாட்டி, ஸ்டார்ட் செய்தார். 14.2. கூலியும் சாமானும் சேர்த்து அவர் கேட்ட தொகை, காதுகுத்துக்கு நாங்கள் எழுதிய மொய்யைவிடக் குறைவு.

பழைய துண்டு இரண்டையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கரித்துண்டுக்கா மாப்ள என்னைய வரப்புல நிப்பாட்டுனீக?"

"ஆமா அத்தை."

"ம்... நிப்பாட்டுனது நல்லதுதான்" என்று சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இனி வரப்போவது எல்லாம் மின்சாரக் கார், பெல்ட்டும் கிடையாது கார்பனும் கிடையாது, இந்தத் தொல்லையே இருக்காது என்று என்னிடம் பல பேர் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்காக ஒரு விஷயம். அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்தபோதே எலக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் வந்தது. யாரோ ஒருவரின் மின்சாரக் கார் வாசலிலேயே செத்துக் கிடக்கிறது. கதவு பூட்டுகூடத் திறக்கவில்லை. ராத்திரிதான் முழுசாக சார்ஜ் போட்டாராம். அந்த வண்டிகளிலும் கதவுப் பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர் இதையெல்லாம் எழுப்பிவிட ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு. அது படுத்துவிட்டால் சீட்டுக்குக் கீழே இருக்கிற பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பிரயோசனமில்லை.

"பெரிய பேட்டரி ஃபுல்லா இருக்குங்கிறாருண்ணே" என்றார் போனைக் கையால் பொத்திக்கொண்டு. "சின்ன பேட்டரி எங்க இருக்கு சார்னு கேட்டேன். அப்படி ஒண்ணு இருக்கான்னு என்னையத் திருப்பிக் கேக்குறாரு."

பிறகு நேற்றைக்கு எங்களுக்கு மாட்டிய அதே பேட்டரியை எடுத்து மொபெட்டின் முன்னால் வைத்தார். சைக்கிள் டியூப்பைப் போட்டு இறுக்க ஆரம்பித்தார்.